கொசு வரும் வழியும் காசு போகும் வழியும்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பவை இரண்டு. ஒன்று, நம் தோட்டங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த காய்ச்சல். மற்றொன்று, அண்மைக் காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்துவிட்ட கைப்பேசிவழிப் பணம். காய்ச்சலுக்கும் பணத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். காய்ச்சலைத் தடுக்கக் கற்ற பாடங்களைக் கொண்டே பணத்தையும் காக்க முடியும் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூர்.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் சம்பாதித்த பணம் சட்டைப் பையில் வரும். இல்லையென்றால் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். இன்று அப்படியில்லை. 2023 நவம்பர் 17ஆம் நாள் சிங்கப்பூரின் 'பேநவ்' முறையும் மலேசியாவின் 'டூயிட்நவ்' முறையும் இணைக்கப்பட்டன. அங்கே மகன் விரலால் தொட்டால், இங்கே அம்மாவின் கணக்கில் சில விநாடிகளில் பணம் ஏறிவிடுகிறது. அம்மாவின் கைப்பேசி எண்ணே போதும். அதே ஆண்டு பிப்ரவரி 21இல் இந்தியாவின் 'யுபிஐ' முறையோடும் சிங்கப்பூர் இணைந்தது. சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டே தஞ்சாவூருக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

இது பெரிய வசதி. ஆனால் விநாடியில் வரும் பணம் விநாடியில் போகவும் செய்யும். ஒரு மாதம் வெயிலிலும் மழையிலும் உழைத்த கூலி, நாம் ஒரு வாய் தேநீர் குடித்து முடிப்பதற்குள் முன்பின் தெரியாத ஒருவன் கைக்குப் போய்விடுகிறது. இதைத்தான் நாம் தடுக்க வேண்டும்.

முதலில் காய்ச்சலின் கதையைப் பார்ப்போம்.

நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்தபோது அவர்களை அதிகமாகக் கொன்றது புலியோ பாம்போ அன்று, மலேரியாக் காய்ச்சல். காடு வெட்டிய கையோடு குளிர்காய்ச்சலில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கெட்ட காற்றினால் வருகிறது என்றார்கள் சிலர். சாமி குற்றம் என்றார்கள் சிலர். 1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். நோய் வரும் வழி அன்றுதான் தெரிந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், மால்கம் வாட்சன் என்பவர் அரசாங்க மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்தார். ஊரே காய்ச்சலில் கிடந்தது. அவர் மக்களைப் பார்த்து, "கொசுக்கடி படாமல் கவனமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கச் செய்தார். கொசு முட்டையிட இடமில்லை, காய்ச்சல் குறைந்தது. கொசுவை ஒவ்வொன்றாக அடித்தா ஒழித்தார்கள்? இல்லை. அது பிறக்கும் இடத்தை ஒழித்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, நோய் வரும் வழியை அறிந்து அந்த வழியை அடைக்க வேண்டும். இரண்டு, அந்த வேலையைக் கூலிக்காரன் தலையில் மட்டும் கட்டக் கூடாது. வாய்க்கால் வெட்டும் பொறுப்பு நிலமும் பணமும் வைத்திருந்த தோட்ட நிர்வாகத்துக்கும் அரசாங்கத்துக்கும் உரியது. தொழிலாளி கொசுவலை கட்டிக்கொள்ளலாம், கொயினா விழுங்கலாம். சதுப்பு நிலத்தைத் தனியாளாக வடிக்க அவனால் முடியுமா?

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள்.

2021 டிசம்பர் மாதம். ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர் பலருக்குக் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் கணக்கில் சிக்கல் இருக்கிறது, கீழே உள்ள இணைப்பைத் தொட்டுச் சரிசெய்யுங்கள்" என்கிற மாதிரியான செய்தி. வங்கியின் உண்மையான பழைய செய்திகள் எந்த வரிசையில் இருந்தனவோ, அதே வரிசையில், அதே பெயரில் இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. நம் வீட்டு ஆள் போலவே வேடம் கட்டி வந்த திருடன் இது. தொட்டவர்கள் வங்கியின் பக்கம் போலவே தோன்றிய போலிப் பக்கத்துக்குப் போனார்கள். அங்கே பயனர் பெயர், கடவுச்சொல், வங்கி அனுப்பும் இரகசிய எண் ஆகியவற்றைத் தட்டினார்கள். 'ஓடிபி' என்றும் 'டேக்' என்றும் சொல்கிறோமே, அதுதான் அந்த இரகசிய எண். அடுத்த சில நிமிடங்களில் சேமிப்பு போய்விட்டது. கணக்கெடுத்துப் பார்த்தபோது 790 பேர், 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்திருந்தார்கள். வங்கி பின்னர் நல்லெண்ண அடிப்படையில் அந்தத் தொகையை முழுதும் கொடுத்தது.

ஏமாந்தவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். படித்தவர்களும் இருந்தார்கள், இளைஞர்களும் இருந்தார்கள். மலேரியாக் கொசு பட்டதாரி என்று பார்த்து விலகிப் போகிறதா? கதவு திறந்திருந்தால் யாரையும் கடிக்கும். ஆகவே "எனக்கு எல்லாம் தெரியும், நான் ஏமாற மாட்டேன்" என்பது காவலாகாது. வழியை அடைப்பதே காவல்.

எப்படி அடைத்தார்கள்? 2022 ஜனவரி 19ஆம் நாள் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சில ஏற்பாடுகளை அறிவித்தன. வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் இனித் தொடக்கூடிய இணைப்பே இருக்கக் கூடாது என்பது ஒன்று. இது சதுப்பை வடித்ததற்குச் சமம். வங்கி இணைப்பே அனுப்பாது என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால், இணைப்போடு வரும் செய்தி பொய் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும் அல்லவா?

கணக்கின் திறவுகோலை ஒரு புதிய கைப்பேசிக்கு மாற்றினால், அது வேலை செய்யக் குறைந்தது 12 மணி நேரம் ஆக வேண்டும் என்பது இன்னொன்று. அடுத்து, 2023 ஜனவரி 31 முதல் பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்திகளின் மேல் "மோசடியாக இருக்கலாம்" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் முத்திரை விழத் தொடங்கியது. 2024 டிசம்பர் 16 முதல் இன்னொரு விதியும் வந்தது. இத்தகைய போலிச் செய்தி மோசடிகளில், வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் தமக்கு விதித்த காவல் கடமையைச் செய்யத் தவறியிருந்தால், நட்டத்தை அவையே ஏற்க வேண்டும். வாய்க்கால் வெட்டும் பொறுப்பு யாருக்கு உண்டோ, அவர்கள் தலையில் அதை வைத்தார்கள்.

அந்த 12 மணி நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதை விளங்கிக்கொள்ள 2003ஆம் ஆண்டுக்குப் போவோம்.

அந்த ஆண்டு சிங்கப்பூரில் சார்ஸ் என்னும் கொடிய நோய் புகுந்தது. பிப்ரவரி மாதம் ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒருவரோடு அது வந்தது. மொத்தம் 238 பேருக்கு நோய் கண்டது. 33 பேர் இறந்தார்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத டான் டோக் செங் மருத்துவமனையைச் சார்ஸ் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். அப்போது அந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, உறுதியான மருந்தும் இல்லை. பின் எதைக் கொண்டு மே மாத இறுதிக்குள் அடக்கினார்கள்? காலத்தைக் கொண்டு.

நோயாளியோடு பழகியவரைத் தேடிப் பிடித்துப் பத்து நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஏன் பத்து நாள்? கிருமி உடலுக்குள் புகுந்திருந்தால் அதற்குள் காய்ச்சலாக வெளியே தெரிந்துவிடும். புகவில்லையென்றால் அவர் நலமாக வெளியே வருவார். பொறுத்திருந்தால் உண்மை தானே வெளிப்படும். தனிமைப்படுத்துவதன் பொருள் அதுதான்.

பணத்துக்கும் இதே மருந்துதான். மோசடிக்காரனிடம் இல்லாதது நேரம். "இன்னும் பத்து நிமிடத்தில் கணக்கு முடங்கிவிடும்", "உடனே கட்டாவிட்டால் போலீஸ் வரும்", "அம்மா, கைப்பேசி தொலைந்துவிட்டது, இது புது எண், அவசரமாகப் பணம் அனுப்பு" என்றெல்லாம் அவன் ஏன் துரத்துகிறான்? நாம் ஓர் இரவு பொறுத்தால், பிள்ளையின் பழைய எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்தால், அவன் குட்டு உடைந்துவிடும். உண்மையான வங்கி நாளைக்கும் அங்கேயே இருக்கும். உண்மையான மகன் நாம் திருப்பி அழைத்தால் பேசுவான். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நம் மலேசியாவிலும் புதிய கைப்பேசியை வங்கிக் கணக்கோடு முதன்முறை இணைத்தால் சில மணி நேரம் காத்திருக்க வைக்கிறார்கள். 2022இல் பேங்க் நெகாரா அறிவித்த ஏற்பாடு அது. "என்ன இது, தொல்லை!" என்று அதன்மேல் சலித்துக்கொள்ளாதீர்கள். நம் பணத்துக்கு இட்ட தனிமைக் காவல் அது.

வாட்சன் கதையில் இன்னொரு கட்டமும் உண்டு. கரையோரச் சதுப்பில் வெற்றி கண்ட முறையை மலைப்பாங்கான தோட்டங்களுக்குக் கொண்டு போனபோது காய்ச்சல் குறையவில்லை. காரணம் என்ன? சதுப்புக் கொசு நிழலிலும் தேங்கிய நீரிலும் வளர்வது. மலையோரக் கொசு வேறு வகை. அது வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் வளர்வது. காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டபோது அந்தக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்தோம். அங்கே நிலத்தடியில் குழாய் பதித்தும், நீரின் மேல் எண்ணெய் தெளித்தும் வேறு முறையில் போராட வேண்டியிருந்தது.

மோசடியும் இப்படித்தான் இடம் மாறுகிறது. குறுஞ்செய்தி வழி அடைபட்டதும் வேறு வழி பார்த்தார்கள். 2023இல் சிங்கப்பூரில் முகநூலில் மலிவு விலையில் மீன், வீடு துப்புரவு என்று விளம்பரம் போட்டார்கள். விசாரித்தவரிடம், "இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு கோப்பை அனுப்பினார்கள். அது கைப்பேசிக்குள் புகுந்து வங்கித் திறவுகோலைத் திருடிற்று. அந்த ஓராண்டில் மட்டும் 1,800க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பின்னர் இத்தகைய செயலிகளைக் கைப்பேசியே தடுக்கும்படி செய்ததும் புகார்கள் பெரிதும் குறைந்தன. அந்த வழியும் அடைபட்டது.

ஆனால் மோசடி ஒழிந்துவிட்டதா? இல்லை. 2024இல் சிங்கப்பூரர்கள் மோசடியில் இழந்தது 110 கோடி வெள்ளிக்குக் குறையாது. அந்த ஆண்டின் புகார்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் திருடன் கணக்குக்குள் புகவே இல்லை. பயத்தாலோ ஆசையாலோ அன்பாலோ மயங்கி, மக்கள் தம் கையாலேயே பணத்தை அனுப்பியிருந்தார்கள்.

கிருமிக்கும் மோசடிக்காரனுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான். கிருமிக்குச் சிந்தனை இல்லை, இவனுக்கு உண்டு. நாம் போடும் ஒவ்வொரு தடையையும் இவன் படித்துக்கொள்கிறான். ஆகவே, "இன்ன மாதிரிச் செய்தி வந்தால் மோசடி" என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. வேடம் எதுவானாலும் அவன் கேட்பவை மூன்றுதான்: அவசரப்படு, இரகசிய எண்ணைச் சொல் அல்லது பணத்தை அனுப்பு, யாரிடமும் சொல்லாதே. இந்த மூன்றில் எது காதில் விழுந்தாலும் அதையே காய்ச்சலின் அறிகுறி என்று கொள்ளுங்கள்.

மூன்றாவதை, "யாரிடமும் சொல்லாதே" என்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். நோய்த் தடுப்பில் மருந்தைப் போலவே வேண்டியது செய்தி. சிங்கப்பூரில் டெங்கிக் காய்ச்சல் ஒரு வட்டாரத்தில் பரவினால் அங்கே பதாகை கட்டுகிறார்கள். பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ கண்டால் சிவப்பு. அதற்குக் கீழே மஞ்சள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த காய்ச்சல் நமக்கு எச்சரிக்கையாகிறது. அவர் வெட்கப்பட்டு மறைத்தால் கொசு நம் வீட்டுக்கும் வரும்.

மோசடியில் பணம் இழந்தவர்கள் மறைப்பதற்குக் காரணம் வெட்கம். "வீட்டுக்காரர் திட்டுவார்", "பிள்ளைகள் சிரிப்பார்கள்", "லயம் முழுக்கப் பேச்சாகிவிடும்" என்று மனத்துக்குள்ளேயே புழுங்குகிறார்கள். மகனுடைய பணத்தை இழந்த தாய் அவனிடம் சொல்ல அஞ்சி, விட்டதைப் பிடிக்க மேலும் கடன் வாங்கி அதே மோசடிக்காரனுக்கே கட்டுவதும் உண்டு. ஐயா, அம்மா, காய்ச்சல் வந்தவரை நாம் அடிப்பதில்லை. டிரசரிடம் அழைத்துப் போகிறோம். ஏமாந்தவரையும் அப்படியே நடத்துங்கள். திட்டுவதால் போன காசு திரும்பாது. அடுத்த முறை அவர் நம்மிடம் சொல்லாமல் இருப்பார், அதுதான் மிச்சம்.

சில சமயம் ஏமாறுகிறவர் எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டார். அதற்கும் சிங்கப்பூர் ஒரு வழி செய்திருக்கிறது. 2025 ஜனவரியில் நிறைவேறி ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒருவர் மோசடிக்காரனுக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று காவல்துறை கருதினால், அவரது வங்கிக் கணக்கை முதலில் 30 நாள் வரை கட்டுப்படுத்தலாம். சார்ஸ் காலத்தில் பிறப்பித்த வீட்டுத் தனிமை ஆணை போன்றது இது. சொந்தப் பணத்தை எடுக்க விடாமல் தடுப்பது கடுமைதான். மயக்கம் தெளியும்வரை காப்பாற்றுவதே நோக்கம்.

இனி அன்றாட வழக்கத்துக்கு வருவோம். டெங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறையாவது பூச்சாடித் தட்டையும் வாளியையும் கவிழ்க்கச் சொல்கிறார்கள். ஒரு முறை பெரிதாகத் துப்புரவு செய்துவிட்டு ஆறு மாதம் சும்மா இருந்தால் பயனில்லை. பணத்துக்கும் வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று கைப்பேசியில் கணக்கைத் திறந்து, வாரத்தில் வந்ததும் போனதும் சரிதானா என்று வீட்டில் இரண்டு பேராகப் பாருங்கள். யாரோ அனுப்பி இறக்கிய செயலி ஏதும் இருந்தால் நீக்குங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் அனுப்ப முடியாது என்னும் வரம்பைக் குறைத்து வையுங்கள். குழந்தைகளின் படிப்புக்கென்று சேர்க்கும் பணத்தைக் கைப்பேசியோடு இணையாத வேறு கணக்கில் போடுங்கள். சிங்கப்பூரின் பெரிய வங்கிகள் 2023 நவம்பரிலிருந்து இதற்கென்றே ஒரு பூட்டு வைத்திருக்கின்றன. பூட்டிய தொகையை இணையத்தின்வழி யாராலும் எடுக்க முடியாது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டெங்கிக் கொசுவின் முட்டை காய்ந்த பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடு இருக்கும். நீர் பட்டதும் பொரிக்கும். ஒருமுறை வெளியே போய்விட்ட கடவுச்சொல்லும் அப்படித்தான். "அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடாமல், சந்தேகம் வந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போதும் கவனம் வேண்டும். தேக்காவில் காய்கறிக் கடையிலும் பூக்கடையிலும் சதுரக் குறியீட்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். 2020 கொரோனாக் காலத்தில் ரொக்கத்தைத் தொட அஞ்சிய பலர் இந்தப் பழக்கத்துக்கு மாறினார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கும் அது வந்துவிட்டது. குறியீட்டைக் காட்டியதும் திரையில் தோன்றும் பெயர் அந்தக் கடையின் பெயர்தானா என்று பார்த்த பிறகே பணத்தைச் செலுத்துங்கள். நீங்கள் கடைக்காரராக இருந்தால், வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதை உங்கள் கைப்பேசியிலேயே பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு காய்ச்சல் வந்துவிட்டால்? முதல் சில மணி நேரம்தான் உயிர் நேரம். மோசடிக்காரன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிக்கொண்டே போவான். அதற்கு முன் மறிக்க வேண்டும். மலேசியாவில் இருப்பவர்கள் உடனே உங்கள் வங்கிக்கோ 997 என்னும் எண்ணுக்கோ அழையுங்கள். தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை உடனே தன் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கிவிட்டுக் காவல்துறையில் புகார் செய்யட்டும். இது மோசடிதானா என்ற ஐயம் இருந்தால் 1799க்கு அழைத்துக் கேட்கட்டும். வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள். விசாரணைக்கு அது வேண்டும். பிறகு பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

மாணவ மாணவியர்க்கு ஒரு வேலை தருகிறேன். 2003இல் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்து, தங்கள் காய்ச்சலைத் தாங்களே அளந்து பார்க்கக் கற்பித்தார்கள். நீங்களும் உங்கள் வீட்டில் அந்த வெப்பமானியாக இருங்கள். பாட்டிக்கு வரும் குறுஞ்செய்தியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவசரப்படுத்துகிறதா, எண்ணையோ பணத்தையோ கேட்கிறதா, மறைக்கச் சொல்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். 997, 1799 என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இன்று இரவே ஒட்டுங்கள்.